சுவாசக் கருவியின் குழாயை எடுத்தாயிற்று, எப்போது சாப்பிடக் கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் இந்த முறை ஒரே கவலைதான். ஐசியூவில் சுவாசக் கருவியோடு படுத்திருந்து பிழைத்து வந்தவர்கள், வாய்வழியாகச் சாப்பிட முடியாமல் தவிக்கிறார்கள். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நிமோனியா வந்து 11 நாள் சுவாசக் கருவியில் இருந்தார். வாயில் இருந்த குழாயை எடுத்து இரண்டு நாளாகிறது. நல்ல நினைவோடுதான் இருக்கிறார். குரல் மட்டும் கரகரவென்று இருக்கிறது. "ஒரு வாய் தண்ணி கொடு" என்று கெஞ்சுகிறார். தாதியோ ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டுப் போகிறார். யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?
(சுங்கை சிப்புட்)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அவர் கெஞ்சும்போது மறுப்பது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

ஒரு வாய் தண்ணீரை விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி முன்னால் நகர்கிறது. குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. இத்தனையும் ஏறக்குறைய ஒரே விநாடியில் நடந்து முடிகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு வைத்த குழாய் அந்த இரண்டு குரல் நாண்களுக்கும் நடுவேதான் 11 நாளும் இருந்தது. அந்த இடம் வீங்கியிருக்கும், புண்ணாகியிருக்கலாம். சிலருக்கு நரம்பு அழுந்தி ஒரு பக்க நாண் அசையாமல் போய்விடும். குரல் கரகரப்பது நாண்கள் சரியாக ஒட்டவில்லை என்பதற்கு ஓர் அடையாளம். படுத்தே கிடந்தால் கால் தசை கரைவது போலவே நாக்கு, தொண்டைத் தசைகளும் கரைந்துவிடுகின்றன. குழாய் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே விழுங்கும் சிக்கலை எதிர்பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது இன்னொன்று. குழாய் உரசி உரசித் தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிடும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. நீங்கள் ஒரு கரண்டி கொடுப்பீர்கள், அவர் அமைதியாக விழுங்குவார், "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும், சளி கூடும். மறுபடியும் குழாய் போட வேண்டி வரலாம். இருமவில்லை என்பதை மட்டும் வைத்துப் பயமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "விழுங்கும் சோதனை எப்போது செய்வீர்கள்?" என்பதுதான். குழாய் எடுத்த சில மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் முதல் சோதனையைப் பல இடங்களில் செய்கிறார்கள். நோயாளி விழித்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 30-ஐ நெருங்கக் கூடாது, சொன்னால் இருமிக் காட்ட வேண்டும். முதலில் சின்ன ஐஸ் துண்டு, பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணீர். அதெல்லாம் சரியாக இருந்தால் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். நடுவில் நிறுத்தினாலும், இருமினாலும், குடித்தபின் குரல் நீருக்குள்ளிருந்து பேசுவது போல் கொழகொழத்தாலும் தேறவில்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, விழுங்கும்போது தொண்டையில் என்ன நடக்கிறது என்று நேரே பார்ப்பார்கள். எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்பதும் உண்டு. சத்தமில்லாமல் உள்ளே இறங்குவதை இந்த இரண்டில்தான் உறுதியாகக் காணலாம்.

அதுவரை வாய் வறளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல், நாக்கு, மேலண்ணம் மூன்றையும் மென்மையான பிரஷ்ஷால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தேய்த்து, கழிவை உறிஞ்சி எடுக்கச் சொல்லித் தாதியைக் கேளுங்கள். அழுக்கு வாயில் ஊறிய எச்சில் நுரையீரலுக்குள் போனால்தான் நிமோனியா சுலபமாகப் பிடிக்கும். ஐஸ் துண்டு கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் அவருக்குப் பெரிய ஆறுதல், தொண்டைக்கும் அதுவே முதல் பயிற்சி.

கேள்வி: அண்ணனுக்கு வாயில் குழாய் இன்னும் இருக்கிறது. கண் விழித்துப் பார்க்கிறார், கையை அழுத்துகிறார். இப்போதே தொண்டைக்கு ஏதாவது பயிற்சி கொடுக்கலாமா?
(லிந்தாங்)

பதில்: வாயில் குழாய் இருக்கும்போது வீட்டார் எதுவும் செய்ய வேண்டாம். குழாய் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ஆபத்து. விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரும் தாதியும் செய்யக்கூடியவை உண்டு: வாயைச் சுத்தம் செய்வது, உதட்டையும் கன்னத்தையும் குளிர்ந்த ஈரப் பஞ்சால் தொட்டுத் தூண்டுவது, எச்சிலை விழுங்க முயலச் சொல்வது. தூக்க மருந்தை எப்போது குறைப்பார்கள், எப்போது கட்டிலிலேயே நிமிர்த்தி உட்கார வைப்பார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பு சீக்கிரம் எழுந்தால் தொண்டையும் சீக்கிரம் எழும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மூக்கில் சாப்பாட்டுக் குழாயோடு வீட்டுக்கு வந்துவிட்டார். விழுங்கும் பயிற்சி என்று நாலைந்து காட்டிக் கொடுத்தார்கள். அவசரத்தில் பாதி மறந்துவிட்டது. ஒவ்வொன்றையும் எத்தனை தடவை செய்ய வேண்டும்? மூக்குக் குழாய் இருக்கும்போது செய்யலாமா?
(சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்)

பதில்: மூக்குக் குழாய் இருக்கும்போதே செய்யலாம், செய்யவும் வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் எச்சிலை மட்டும் வைத்துச் செய்பவை, சாப்பாடு வேண்டியதில்லை. வாய் காய்ந்திருந்தால் ஈரப் பஞ்சால் நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். குழாய் வழியாகப் பால் ஊற்றி முடித்த உடனே செய்ய வேண்டாம், வயிறு நிறைந்திருந்தால் எதிர்க்களிக்கும். எதைத் தர வேண்டும் என்பதைத் தொண்டையில் எந்த இடம் பலவீனம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே உங்களுக்குக் காட்டியவற்றை மட்டும் செய்யுங்கள்.

முதலில் உங்கள் கையைப் பழக்குங்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைத் தாடைக்கு அடியில் மெத்தென்ற இடத்திலும், நடுவிரலை அதற்குக் கீழே குறுக்கே ஓடும் சிறு எலும்பின் மேலும், மோதிர விரலைக் குரல்வளைப் புடைப்பின் மேல் விளிம்பிலும், சுண்டு விரலை அதன் கீழ் விளிம்பிலும் வையுங்கள். அழுத்தக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தால் போதும். விழுங்கச் சொல்லுங்கள். நாக்கு அசைவது ஆள்காட்டி விரலில் முதலில் தெரியும். அடுத்து புடைப்பு மோதிர விரலைத் தாண்டி மேலே ஏறி இறங்கும். அது ஏறினால்தான் ஒரு தடவை என்று எண்ணுங்கள். நாக்கு மட்டும் அசைந்து புடைப்பு ஏறாவிட்டால் அது கணக்கில் சேராது. முதலில் உங்கள் தொண்டையிலேயே நாலு தடவை பார்த்துப் பழகிவிட்டு அப்பாவிடம் போங்கள்.

*அழுத்தி விழுங்குதல்.* நாக்கை மேலண்ணத்தில் பலமாக ஒட்டி, தொண்டைத் தசை முழுவதையும் இறுக்கி எச்சிலை விழுங்க வேண்டும். 10 தடவை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு 3 சுற்று. இரண்டு விழுங்கலுக்கு நடுவே அரை நிமிடமாவது விடுங்கள், எச்சில் ஊற வேண்டும். அவசரப்படுத்தினால் வெறும் தொண்டையை அசைப்பார், பலன் இருக்காது.

*மேலே நிறுத்திப் பிடித்தல்.* விழுங்கும்போது குரல்வளைப் புடைப்பு உச்சிக்கு ஏறியதும், அதை அங்கேயே 2 முதல் 3 விநாடி இறுக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு விட வேண்டும். உணவுக்குழாயின் வாய் அதிக நேரம் திறந்திருக்க இது உதவும். பலருக்கும் கஷ்டமான பயிற்சி இதுதான். மூச்சைப் பிடிக்கிறாரே தவிரக் குரல்வளையைப் பிடிப்பதில்லை. உங்கள் மோதிர விரல்தான் இங்கே சாட்சி. மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவருக்கு இது வேண்டாம்.

*நாக்கைக் கடித்து விழுங்குதல்.* நாக்கு நுனியை முன்பற்களுக்கு நடுவே மெதுவாகக் கடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. தொண்டையின் பின்சுவரை முன்னால் வரச் செய்யும். 5 முதல் 10 தடவை போதும். வாயில் சாப்பாடோ தண்ணீரோ இருக்கும்போது இதை ஒருபோதும் செய்யக் கூடாது. நாக்கு பின்னால் போக முடியாததால் உணவு தொண்டையிலேயே தேங்கி மூச்சுக்குழாய்க்குள் விழும்.

*தலை தூக்குதல்.* ரெசா ஷேக்கர் என்ற மருத்துவர் 1997-இல் வெளியிட்ட பயிற்சி, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோள்பட்டை பாயை விட்டு எழாமல் தலையை மட்டும் தூக்கித் தன் கால் விரல்களைப் பார்க்க வேண்டும். 1 நிமிடம் அப்படியே, பிறகு 1 நிமிடம் ஓய்வு, இப்படி 3 தடவை. அதன் பிறகு நிறுத்திப் பிடிக்காமல் 30 தடவை தூக்கி இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 வேளை, 6 வாரம். ஐசியூவிலிருந்து வந்தவரால் முதல் நாளே 1 நிமிடம் பிடிக்க முடியாது. 10 விநாடியில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். கழுத்தில் துளை உள்ளவர், கழுத்து எலும்பில் கோளாறு உள்ளவர் இதைச் செய்யக் கூடாது. இதய நோயாளி மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

அதற்குப் பதிலாகத் *தாடைப் பந்து*. எங்களைக் கேட்டால் பலவீனமானவருக்கு இதுவே தோது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுமார் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள மெத்தென்ற ரப்பர் பந்தைத் தாடைக்கும் மார்புக்கும் நடுவே வைத்து, தாடையால் கீழே அழுத்த வேண்டும். பந்து இல்லையென்றால் கைத்துண்டை இறுகச் சுருட்டி வையுங்கள். அழுத்திப் பிடிப்பது 1 நிமிடம், 3 தடவை. பிறகு அழுத்தி அழுத்தி விடுவது 30 தடவை. படுக்க வேண்டியதில்லை, களைப்பும் குறைவு. கழுத்தில் துளை உள்ளவருக்கு மட்டும் இதுவும் வேண்டாம்.

மூச்சைப் பிடித்து, விழுங்கி, உடனே இருமி, மறுபடி விழுங்கும் முறையையும் சிலருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். குரல் நாண் சரியாக மூடாதவர்களுக்கு அது நல்ல காப்பு. ஆனால் முக்கி மூச்சை இறுக்கும் வகை, இதய நோயும் பக்கவாதமும் உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பைக் குழப்பிவிடக்கூடும். அதைச் சிகிச்சையாளர் கண்பார்வையில் மட்டும் செய்யட்டும்.

தலை சுற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். காலையில் உடம்பு தெளிவாக இருக்கும்போது பாதியை முடித்துவிடுவது நல்லது. சாயங்காலம் களைத்தபின் செய்தால் அரைகுறையாகத்தான் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் பலூன் ஊதியிருப்பதால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகாது, தைரியமாகக் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. சரியா?
(கோல கங்சார்)

பதில்: சரியில்லை. அந்தப் பலூன் இருப்பது குரல் நாண்களுக்குக் கீழே. சாப்பாடு பலூன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டாலே அது வழி தவறிவிட்டது என்றுதான் அர்த்தம். பலூனைச் சுற்றி எச்சிலும் தண்ணீரும் கசிந்து இறங்கவே செய்யும். கசிவைத் தடுக்கிறேன் என்று கூடுதலாக ஊதினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்கக் கூடாது, அழுத்தமானியில் பார்க்க வேண்டும்.

ஊதிய பலூன் குரல்வளை எழும்புவதையும் தடுக்கும். மூச்சுக்காற்று மேலே வராததால் தொண்டைக்கு உணர்ச்சியும் திரும்பாது, வாசனையும் தெரியாது. அதனால் அம்மாவின் சளி குறைந்து மூச்சு நிதானமானதும், மருத்துவமனையில் பலூனின் காற்றைச் சிறிது நேரம் எடுத்துப் பார்ப்பார்கள். அதைத் தாங்கினால் பேச்சு வால்வு மாட்டுவார்கள். அது ஒரு வழி அடைப்பு: மூச்சு உள்ளே வரும், வெளியே போகாது, குரல் நாண் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பலூனில் காற்று இருக்கும்போது அந்த வால்வை மாட்டினால் மூச்சை வெளியே விட வழியே இருக்காது, உயிருக்கே ஆபத்து. வால்வு மாட்டும் முன் பலூன் காற்று முழுவதும் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

கழுத்துக் குழாயில் உறிஞ்சும் சளியில் சாப்பாட்டின் நிறமோ துணுக்கோ தெரிந்தால் வாய்வழி உணவை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் எதுவும் இறங்கவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அம்மாவுக்குத் தாடைப் பந்து, தலை தூக்குதல் இரண்டும் வேண்டாம். நாக்குப் பயிற்சியும் அழுத்தி விழுங்குவதும் செய்யலாமா என்று கேட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: தாத்தாவுக்குத் தண்ணீரை '2-ஆம் நிலை' கெட்டியாகவும், சாப்பாட்டை '4-ஆம் நிலை'யாகவும் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் எப்படி அளப்பது? கஞ்சியை அப்படியே கொடுக்கலாமா?
(சுங்கை சிப்புட்)

பதில்: அது ஐடிடிஎஸ்ஐ என்ற, பானமும் சாப்பாடும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் உலக அளவுகோல். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 வெறும் தண்ணீர், 7 நாம் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு.

பானத்தை அளக்க ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும், மருந்துக் கடையில் கிடைக்கும். சிரிஞ்சுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. 0-விலிருந்து 10 வரையுள்ள கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள், 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே தள்ளும் தண்டைக் கழற்றி எடுத்துவிட்டு, கீழ் ஓட்டையை விரலால் அடைத்து, பானத்தை 10 மில்லி கோடு வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாக 10 விநாடியில் மறுபடி அடைத்துவிடுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் கீழே இருந்தால் அது வெறும் தண்ணீர் மாதிரிதான். 1 முதல் 4 இருந்தால் 1-ஆம் நிலை. 4 முதல் 8 இருந்தால் 2-ஆம் நிலை, தாத்தாவுக்குச் சொன்னது இது. 8-க்கு மேல் தங்கி, ஆனாலும் சொட்டிக்கொண்டிருந்தால் 3. எதுவுமே இறங்காவிட்டால் 4.

சொன்னதைவிடக் கெட்டியாக்கினால் இன்னும் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். கெட்டியானது பலவீனமான தொண்டையில் ஒட்டிக்கொண்டு பிறகு வழுக்கி இறங்கும். குடிக்கவும் பிடிக்காது, உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். சிறுநீர் கடும் மஞ்சளாகிறதா என்று கவனியுங்கள்.

கெட்டியாக்கும் தூள் இரண்டு வகை. மாவுச்சத்துத் தூள் நேரமாக ஆக இறுகும், எச்சில் பட்டால் நீர்த்துவிடும். சாந்தன் பசைத் தூள் அப்படி மாறாது, விலை சற்று அதிகம். எதுவானாலும் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, அதன் பிறகு சிரிஞ்சில் பாருங்கள். சூடான மைலோவில் கலந்து ஆறியதும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். மலச்சிக்கலுக்கு மேக்ரோகோல் என்ற மருந்துத் தூள் எடுப்பவராக இருந்தால் மாவுச்சத்துத் தூளோடு அதைக் கலக்கவே கூடாது, கெட்டியெல்லாம் இளகித் தண்ணீராகிவிடும்.

கஞ்சியை அப்படியே கொடுக்கக் கூடாது. பருக்கை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று இரண்டு வகை ஒரே வாயில் சேர்வதுதான் பலவீனமான தொண்டைக்குக் கடினம். நாக்கு பருக்கையைக் கவனிப்பதற்குள் தண்ணீர் தொண்டைக்கு ஓடிவிடும். ரசம் சாதம், சூப்பில் மீகூன், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் எல்லாம் இதே ரகம். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும் என்பதால் அவையும் சேரும்.

4-ஆம் நிலைக்குக் கஞ்சியைக் குழைய வேகவைத்து மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் வடித்துக்கொள்ளுங்கள். வேகவைத்த பருப்பு, பூசணி, முள் நீக்கிய மீன் எதைச் சேர்த்தாலும் அதே மாதிரி அரைத்து வடியுங்கள். முருங்கைக்கீரை நார் சல்லடையில் நிற்கட்டும். ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரே திரளாக விழுந்து, கரண்டியில் லேசான படலம் மட்டும் மிஞ்ச வேண்டும். ஒட்டிக்கொண்டு விழாவிட்டால் பிசுபிசுப்பு அதிகம், கொஞ்சம் பால் விட்டு மறுபடி அரையுங்கள். முள்கரண்டியில் எடுத்தால் அடியில் சிறிது தொங்கலாம், தொடர்ந்து ஒழுகக் கூடாது. வாயில் வைத்த கரண்டியைக் கிண்ணத்தில் திரும்ப விட வேண்டாம், எச்சில் பட்ட கஞ்சி சீக்கிரமே நீர்த்துவிடும். பரிமாறக் கிண்ணம் வேறு, அடுப்பில் உள்ளது வேறு என்று வையுங்கள்.

கொடுக்கும்போது தேக்கரண்டியில் அரைவாசி போதும். முதுகு நேராக, கால் தரையில் ஊன்றி உட்கார வையுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த வாய். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் களைப்பில் புரையேறும், மூக்குக் குழாய் இருந்தால் மிச்சத்தை அதில் கொடுங்கள். முடிந்ததும் கன்னத்துக்குள் ஒதுங்கியது இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து வாயைக் கழுவிவிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: புரையேறினால் உச்சந்தலையில் தட்டலாமா? தண்ணீர் கொடுக்கலாமா?
(சுங்கை சிப்புட்)

பதில்: இரண்டும் வேண்டாம். இருமுகிறவரை முன்னால் குனிய வைத்து நன்றாக இருமவிடுங்கள், இருமல்தான் வெளியே தள்ளும். தண்ணீர் கொடுத்தால் அதுவும் உள்ளே போகும். இருமவோ பேசவோ மூச்சுவிடவோ முடியாமல் திணறினால் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 பலமான தட்டு, சரியாகாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்தம், மாறி மாறி. கூட இருப்பவர் 999-ஐ அழைக்கட்டும்.

கேள்வி: மாத்திரையைப் பொடி செய்து கஞ்சியில் கலக்கலாமா?
(கோல கங்சார்)

பதில்: எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இரத்தத்தில் ஏறிவிடும். குடலில் கரைவதற்கான மேல்பூச்சு உள்ளதைப் பொடித்தால் வயிற்றில் கெட்டுவிடும். மருந்துப் பை அத்தனையையும் கிளினிக் மருந்தாளுநரிடம் கொண்டுபோய் எதைப் பொடிக்கலாம், எதற்குத் திரவ மருந்து உண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் ஈப்போ போக வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. எவ்வளவு நாளில் சரியாகும், எப்போது வேலைக்குத் திரும்பலாம்? பக்கத்திலேயே வழி இல்லையா?
(சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்)

பதில்: பலருக்கு மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே சரியாகிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். குழாய் அதிக நாள் இருந்தவர், வயதானவர், பக்கவாதமும் சேர்ந்தவர் என்றால் பொறுமை வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் கேமராச் சோதனையை மறுபடி கேளுங்கள். குரல் அதே கரகரப்பில் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல் நாணைப் பார்த்தாக வேண்டும். அசையாத நாணுக்கு ஊசி மூலம் பருமன் ஏற்றும் சிகிச்சை உண்டு.

பயணத்தைக் குறைக்க, முதல் சந்திப்பில் அப்பா ஒவ்வொரு பயிற்சியையும் சரியாகச் செய்வதைச் சிகிச்சையாளரின் அனுமதியோடு கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் அதைப் போட்டுக்காட்டிச் செய்யச் சொல்லலாம். ஒரு பள்ளி நோட்டில் தேதி, செய்த எண்ணிக்கை, சாப்பிட்ட நிலை, இருமல், காய்ச்சல், வாராந்திர எடை எழுதி வாருங்கள். அடுத்த சந்திப்பில் அந்த நோட்டைப் பார்த்ததுமே உணவின் நிலையை ஏற்றலாமா என்று முடிவெடுக்க முடியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானின் டொமிசிலியாரி (வீட்டுப் பராமரிப்பு) பிரிவு வீட்டுக்கே வந்து பராமரிக்கும். மூக்குக் குழாயை மாற்றுவதற்காக மட்டும் ஈப்போவுக்குப் போகிறீர்கள் என்றால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவை. அப்பாவுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அவர்களிடமும் விண்ணப்பிக்கலாம். தோட்ட அலுவலகத்தில் அவருடைய சந்தா விவரத்தை வாங்கிக்கொண்டு போங்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூக்குக் குழாய் எடுத்து, சாதாரணச் சோறும் தண்ணீரும் இரண்டு வாரம் காய்ச்சலில்லாமல் இறங்கி, எடை ஏறத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் அந்தப் பேச்சை எடுங்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போகிறவர் என்பதையும், பசியாறுவதற்கு எத்தனை மணியாகும் என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.